வெந்நீருக்கு ஒரு பூட்டு

காலை வேளை. காஸ் அடுப்பில் கொதித்த தண்ணீர் அண்டாவை, இரண்டு காதுகளிலும் பழந்துணி சுற்றி இறக்குகிறார் ஆனந்தமேரி. முழங்கால் வலிக்கு ஒரு முனகல், சுடுதண்ணீர் சிந்தாமல் இருக்க ஒரு ஜெபம். சமையலறையைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, பின்வாசல் நடைக்கு வருகிறார். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை உருளை நிற்கிறது. இடித்துக்கொள்ளாமல் ஒருக்களித்து நடந்து, அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் குளியலறையில் அண்டாவை வைக்கிறார்.

அந்த வெள்ளை உருளையின் பெயர் ஹீட் பம்ப். விலை ஒரு லட்சத்துச் சொச்சம். வேலை, தண்ணீர் சுட வைப்பது.

அதன் சுவிட்சு சுவரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு. சாவி, ஆனந்தமேரியின் கணவர் ராயப்பராஜ் சாரின் சட்டைப்பையில், ஜெபமாலையோடு சிக்கிக் கிடக்கிறது.

வாசகரே, இன்றைக்கு உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகும் இனம் இதுதான்: செலவு செய்து மிச்சம் பிடிப்பவர்.

தயவுசெய்து இவரைக் கஞ்சனோடு சேர்த்துவிடாதீர்கள். கஞ்சன் எளிய பிறவி. காசு கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான் அவன் வேதம். இவருடைய கையோ தாராளம். மிச்சம் பிடிப்பதென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்வார். பெட்ரோலை மிச்சம் பிடிக்க பேட்டரி ஸ்கூட்டர் வாங்குவார், வாங்கிய பிறகு சார்ஜ் இறங்கிவிடுமே என்று மார்க்கெட்டுக்கு நடந்து போவார், போகிற வழியில் கால் வலித்தால் உட்கார்ந்து, ஸ்கூட்டர் வாங்கியதில் எவ்வளவு மிச்சம் என்று மனக்கணக்குப் போடுவார். எண்ணெயை மிச்சம் பிடிக்க எண்ணெயில்லாமல் பொரிக்கும் பெட்டி ஒன்று வாங்குவார், அது கரண்டைக் குடிக்கிறது என்று பரணில் ஏற்றிவிட்டு, வாழைக்காய் வெஞ்சனத்தைப் பழையபடி வாணலியிலேயே வறுக்கச் சொல்வார். வீட்டுப் பரணைப் பார்த்தாலே இவர் எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறார் என்று தெரியும். இடமே இல்லை.

ராயப்பராஜ் சார் மரியநாதபுரத்துக்காரர். வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் வந்த மாதம் ஊரில் மற்றவர்கள் நிலம் பார்த்தார்கள், நகை பார்த்தார்கள். சார் ரன்னிங் காஸ்ட் பார்த்தார்.

அந்தச் சொல்லை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இனத்தை இருட்டில்கூட அடையாளம் காட்டும் சொல் அது. “வாங்குற விலையை விடுங்க, அது ஒரு நாள் வலி. ரன்னிங் காஸ்ட் ஆயுசுக்கும் வலி” என்பார். சாதாரண ஹீட்டர் கரண்டைக் குடித்துச் சூடு தருமாம். இந்த ஹீட் பம்ப் அப்படியில்லையாம். சுற்றியிருக்கும் காற்றிலிருந்து சூட்டை அள்ளிக்கொண்டு வந்து தண்ணீரில் கொட்டுமாம். கரண்டு வெறும் சுமைகூலிதானாம். ஒரு பங்கு கரண்டு, மூன்று பங்கு சூடு. இந்த விளக்கம் எதிர்வீட்டுக் கண்ணுசாமிக்கு எத்தனை முறை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கண்ணுசாமி பூந்தோட்டக்காரர். விடிய விடிய மல்லிகை பறித்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு, தூக்கத்துக்காக வீடு திரும்புகிறவர். வாசலில் சார் நின்றால் அந்தத் தூக்கம் போச்சு. ஒருநாள் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“காத்துல இருக்க சூட்டத்தான எடுக்குது. அப்ப மெசின செத்த நேரம் தெருவுல தூக்கி வைங்க சார். சித்திரைக்கு ஊருக்கே புண்ணியமாப் போகும்.”

சார் சிரிக்கவில்லை. இந்த இனம் மிச்சத்தைப் பற்றிய விஷயத்தில் சிரிப்பதில்லை.

மெசின் வந்த நாளில் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு அதற்கு மந்திரிக்க வைத்தார். புது வண்டிக்கு மந்திரிப்பது உண்டு, புது வீட்டுக்கு உண்டு. வெந்நீர் மெசினுக்கு இந்த மறைமாவட்டத்தில் அதுவே முதல் முறையாக இருக்க வேண்டும். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, “ஃபிரிட்ஜ் நல்லாப் பெரிசா இருக்கே” என்றார். அன்று சாமியாருக்கும் ரன்னிங் காஸ்ட் விளக்கப்பட்டது. பொருத்த வந்த ஆளுக்கும் விளக்கப்பட்டது. அந்த ஆள் பாவம், பக்கவாட்டில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டி, இது அவசரத்துக்கு மட்டும், இதை அழுத்தினால் உள்ளே இருக்கும் சாதாரண ஹீட்டர் கம்பியும் சேர்ந்து ஓடும், கரண்டு இழுக்கும், சும்மா அழுத்தாதீர்கள் என்று சொல்லத்தான் செய்தார். அப்போது சார் அவருக்கு ஒரு பங்கு, மூன்று பங்கு கணக்கை விளக்கிக்கொண்டிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் எது காதில் விழும்? நம்முடையதுதான்.

வாங்கியது சித்திரையில். திண்டுக்கல்லில் சித்திரை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மதியம் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கோழி உரிக்கலாம். அந்தத் தண்ணீரை ஹீட் பம்ப் இன்னும் என்ன சுட வைப்பது? மீட்டர் அசையவில்லை. சார் நெஞ்சை நிமிர்த்தினார். வெயில் பார்த்த வேலைக்கு மெசின் பெயர் வாங்கியது, மெசின் வாங்கிய பெயரை சார் எடுத்துக்கொண்டார். விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்க் குழாயடியில் கையை நீட்டச் சொல்வார். அந்த வெயிலில் சுடுதண்ணீரில் கை வைத்தவர்கள், ஐயோ என்றார்கள். அதைப் பாராட்டாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு மார்கழி வந்தது. சிறுமலைப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று இறங்கியது. மெசின் முதன்முதலாக உழைக்கத் தொடங்கியது. மீட்டரும் நகரத் தொடங்கியது.

இங்கே ஐந்நூறைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டுக் கணக்கு. ஐந்நூறு யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விலை. ஒரு யூனிட் தாண்டினாலும், முன்னால் நல்ல பிள்ளையாக ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதல் விலை. நானூற்றுத் தொண்ணூறைத் தொட்டதும் அயர்ன் பாக்ஸை ஒளித்து வைக்காத குடும்பம் எது? ஆனால் சாருக்கு ஐந்நூறு வெறும் விலைக்கோடு இல்லை. அதைத் தாண்டினால் கண்ணுசாமி என்ன சொல்வார் என்பதுதான் அந்தக் கோடு. இவ்வளவு விளக்கிய பிறகு தாண்டலாமா? தாண்டினால் தெருவில் தலை காட்ட முடியுமா?

ஆகவே, மிச்சம் பிடிக்க வாங்கிய மெசினுக்கு, மிச்சம் பிடிக்கப் பூட்டுப் போட்டார். பெட்டி, பூட்டு, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் தனிச் செலவு. அதைப் பற்றி நீங்கள் கேட்கக் கூடாது. அது ரன்னிங் காஸ்டில் வராது.

நடைமுறை இப்படி. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை, சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெட்டியைத் திறப்பார். சுவிட்சைப் போடுவார். அரைமணியில் அணைத்தாக வேண்டும், அதற்குள் சூடேற வேண்டும், மெசினோ ஆற அமர வேலை பார்க்கிற சாது. அதனால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்துவார். ஆமாம், அதே பொத்தான்தான். உள்ளே சாதாரண ஹீட்டர் கம்பி முழு மூச்சாக ஓடும். அரைமணி முடிந்ததும் அணைத்துப் பூட்டிவிடுவார். இருநூறு லிட்டரும் வெதுவெதுப்பாக இருக்கும், ஒரு சொம்புகூடச் சுடாது. மறுநாள் மீட்டர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருக்கும். கூடியது ஏன்? வீட்டில் யாரோ அதிகம் குளிக்கிறார்கள். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

இந்த நிலையில்தான் மகள் ஷைனி பச்சைக் குழந்தையோடு வந்து சேர்ந்தாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதம் ஞானஸ்நானம் முடித்துத்தான் மகளையும் பேத்தியையும் வத்தலக்குண்டுக்கு அனுப்புவது என்று ஆனந்தமேரி ஒரு வருடமாக மனசுக்குள் கட்டி வைத்திருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த மூன்று மாதம் ஒன்றுதான். பிள்ளை பெற்ற உடம்புக்கு என்ன வேண்டும்? மூன்று விஷயம். பூண்டு, தூக்கம், சுடச்சுட இடுப்பில் வீசி ஊற்றும் வெந்நீர். முதலிரண்டுக்கு சார் குறுக்கே நிற்கவில்லை.

குளிப்பாட்ட வந்தவர் அடுத்த தெரு மாயக்காள். கை வைத்தால் பிள்ளை அழாது என்று பேர் வாங்கியவர், வாய் திறந்தால் பெரியவர்கள் அழுவார்கள் என்றும். முதல் நாள் குழாய்த் தண்ணீரில் முழங்கையை நனைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இது வெந்நியா, விட்ட பெருமூச்சா?”

அன்றிலிருந்துதான் காஸ் அடுப்பில் அண்டா ஏறியது. சிலிண்டர் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதை சார் கவனிக்கவில்லை. காஸ் வேறு கணக்கு. ஹீட் பம்பின் ரன்னிங் காஸ்டில் காஸ் வராது.

ஷைனிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விஷயம் மருமகன் பிராங்கிளின் வழியாக வத்தலக்குண்டுக்குப் போனது. சம்பந்தியம்மா போனில் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். இனிமையாகத்தான் பேசினார்: நம்ம வீட்டில் தென்னை மட்டை குவிந்து கிடக்கிறது, நாள் முழுக்கத் தண்ணீர் கொதிக்கும், பிள்ளையை எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பிராங்கிளின் காரோடு வருவான். ஆனந்தமேரி போனை வைத்தார். பிறகு கணவரிடம் சாவியைக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்றேன். தவக்காலம். தியானத்துக்குப் போயிட்டு வாரேன்” என்றார் சார்.

மூன்று நாள் தியானம். தியான இல்லத்து வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வியாழக்கிழமை அதிகாலை, இறைவன் சந்நிதிக்குப் போகிற உடம்பு சுத்தமாக இருக்கட்டும் என்று, சார் தமக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு அளித்து மெசினைப் போட்டு வெந்நீரில் குளித்தார். வேன்காரன் வாசலில் ஹாரன் அடித்தான். சார் அவசரமாகப் பெட்டியைப் பூட்டி, சாவியை ஜெபமாலையோடு பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பூட்டினார். அணைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் யாராவது அணைக்க நினைத்தாலும் முடியாது. பூட்டு அவ்வளவு உறுதி. சுவிட்சு உள்ளே, சாவி தியானத்தில்.

முதல் வேளைச் சூடு ஏறியதும் அவசரப் பொத்தான் தானாக விலகிக்கொண்டது. அதன்பிறகு மெசின், செய்தவன் நினைத்தபடி, மெல்ல முனகிக்கொண்டு காற்றிலிருந்து சூட்டை அள்ளி அள்ளிக் கொட்டியது. குளியலறைக் குழாயைத் திறந்த ஆனந்தமேரி, தண்ணீரிலிருந்து ஆவி வருவதைப் பார்த்து முதலில் பயந்துபோனார். பிறகு கையை நீட்டினார். பிறகு மாயக்காளைக் கூப்பிட்டார். அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் அண்டா ஏறவில்லை. ஷைனிக்கு வாளி வாளியாக இடுப்பில் ஊற்றினார்கள். குழந்தை குளித்த அசதியில் உச்சிவரை தூங்கியது. ஆனந்தமேரியும் முழங்காலுக்கு ஊற்றிக்கொண்டு, படியில் கைப்பிடி தொடாமல் இறங்கினார். போகும்போது மாயக்காள் மட்டும், சார் இன்னும் ரெண்டு தியானம் போட்டால் தேவலை என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை மதியம் ஷைனி கணவனுக்குப் போன் போட்டாள்: நாளைக்கு வர வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் அநேகமாக இருப்பேன் என்று நினைக்கிறேன், அப்பா வந்ததும் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

அங்கே தியானத்தில் என்ன நடந்தது? முதல் நாள் மாலை, பிரசங்கியார் உலகப் பற்றை விடுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, சார் ஜெபமாலையை எடுக்கப் பையில் கை விட்டார். சாவி தட்டுப்பட்டது. சுவிட்சு நினைவுக்கு வந்தது. அதற்குமேல் இரண்டு நாள் கண்ணை மூடியபடி, ராத்திரி பகலாக ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டத்தில் கண்ணீர்கூட வழிந்ததாம். பக்கத்தில் இருந்தவர், ராயப்பராஜ் சார் மனம் திரும்புகிறார் என்று எல்லோரிடமும் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் வேன் வந்து நின்றது. சார் வீட்டுக்குள் போகவில்லை. நேராக மீட்டர் பெட்டிக்குப் போனார். பார்த்தார். வேட்டி நுனியால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார். போகும் நாள் காலை எண் அவருக்கு மனப்பாடம். மூன்று நாளும் மெசின் அணையவே இல்லை, வீட்டில் எல்லோரும் குளித்திருக்கிறார்கள், ஆனால் ஓடிய யூனிட், அவர் வீட்டில் இருந்து காவல் காத்த இரண்டு நாளுக்குரியதைவிடக் குறைவு.

கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனந்தமேரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் விஷயம் புரிந்திருந்தது, வணிகவியல் படிக்காமலே.

“போட்டது போட்டபடி விட்டா கம்மியாத்தானங்க ஓடுது. நீங்க அணைச்சு அணைச்சுப் போடுறதுலதான் கூடுது. அந்தப் பெட்டியத் தெறந்தே வைங்க. பிள்ள இருந்துட்டுப் போகட்டும்.”

உங்களுக்கும் எனக்கும் இது எளிய விஷயம். சாருக்கு அப்படியா? இத்தனை மாதக் காவல், கைக்கடிகாரம், இரும்புப் பெட்டி, கண்ணுசாமிக்குச் சொன்ன சொல் எல்லாம் ஒரு பக்கம். மீட்டர் ஒரு பக்கம். மீட்டர் பொய் சொல்லாது என்று ஊருக்கே சொன்னவர் அவர்தான். தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு முகம் தெளிந்தது. இந்த இனத்தின் முகம் தெளிந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

“அது அப்படி இல்ல மேரி. மூணு நாளு நான் ஊர்ல இல்ல. என் ஃபேனு, என் லைட்டு, என் டிவி. அதக் கழிச்சுல்ல பாக்கணும்.”

இருபத்தெட்டு வருட இல்லறத்தில், தனக்காக ஒரு யூனிட்டும் ஓடவில்லை என்று சாதித்து வந்த மனிதர், பூட்டைக் காப்பாற்றுவதற்காகப் பாதிக் கரண்டைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார்.

“அப்ப மெசின வாங்குனதுக்கு, நீங்க ஊருக்குப் போயிருந்தாலே மிச்சம்” என்றார் ஆனந்தமேரி. கோபமாகச் சொல்லவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

சார் அதைக் காதில் வாங்கவில்லை. அதற்குள் அவர் மேற்கொண்டு போய்விட்டிருந்தார். மெசின் இவ்வளவு சிக்கனம் என்றால், முழுநேரம் ஓடியே இவ்வளவுதான் என்றால், ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை மட்டும் போட்டால் எவ்வளவு குறையும்? எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, மெசினை அணைத்து, பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். விரல் கணுக்களில் கணக்கு ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் ஷைனி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். மெசினின் முனகல் நின்றது அவளுக்கும் கேட்டிருக்கும்.

“அப்பா, நாளைக்கு அவரு காரு எடுத்துட்டு வாராரு. சாவிய அம்மாட்ட குடுத்தீங்கன்னா வர வேணாம்னு சொல்லிருவேன். நான் இருக்கவாப்பா, போகவா?”

சார் நிமிரவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினார், செத்த இரு என்பதுபோல. கணக்கு நடுவில் இருந்தது. விட்டால் முதலிலிருந்து போட வேண்டும். மகள் நின்றாள். குழந்தைக்கு விக்கல் எடுத்தது. முதுகைத் தடவிக்கொடுத்தாள். அடுக்களைக்குள் ஆனந்தமேரி டம்ளரைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விரல் இறங்கவில்லை. ஷைனி திரும்பி உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

அந்த முறை கரண்டுக் கணக்கு ஐந்நூறுக்கு வெகு கீழே நின்றது. சார் அதைக் கண்ணுசாமியிடம் கொண்டுபோய்க் காட்டினார், ஹீட் பம்ப்புன்னா சும்மாவா என்று. ஆனந்தமேரி வாரம் தவறாமல் வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறுகிறார். திரும்பி வரும்போது தலைமுடி ஈரமாக, சீயக்காய் வாசத்தோடு இருக்கிறது. வத்தலக்குண்டுப் பஸ்ஸின் ரன்னிங் காஸ்ட் என்ன என்று சார் இன்னும் பார்க்கவில்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் ஹீட் பம்ப் கிடையாது, இரும்புப் பெட்டி கிடையாது. விருந்தாளி வந்தால் மட்டும் போடும் ஏசி இருக்கலாம். உறை பிரிக்காத சோபா இருக்கலாம். ஏறினால் இறங்க மனமில்லாத கணக்கு ஒன்று மனசுக்குள் இருக்கலாம். அதெல்லாம் வேறு. அது ரன்னிங் காஸ்டில் வராது.

ஆனால் ஒன்று. ஒரு பங்கு கரண்டு, மூன்று பங்கு சூடு என்று படித்தபோது, நம் வீட்டுக்கு இது கட்டுப்படியாகுமா என்று நீங்கள் ஒரு கணக்குப் போட்டீர்கள். மறுக்காதீர்கள். அப்போது உங்கள் அறை வாசலில் ஒருவர் வந்து நின்று ஏதோ கேட்டார். நீங்கள் நிமிராமல் ஒரு விரலை உயர்த்தினீர்கள். இப்போது விரலை இறக்கலாம். அவர் போய்விட்டார்.